உறைபனி இரவில் மலைத்தோட்டப் பயிர்களைக் காப்பது எப்படி?

நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலும் தோட்டப் பயிர் செய்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையைவிட அதிகக் கவலை தருவது மழை ஓய்ந்தபின் வரும் தெளிந்த இரவுகள்தான். வடகிழக்குப் பருவ மேகம் விலகியதும் வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும். காற்று அசையாது. அன்று மாலை வரை பச்சைப் பசேலென்று நின்ற பீன்ஸ் பயிர், மறுநாள் காலை பத்து மணிக்குள் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு, மாலைக்குள் கறுத்துப் போகும். விதை, உரம், ஆள்கூலி என்று கடன் வாங்கிப் போட்ட முதல் ஒரே இரவில் போய்விடும்.

உதகமண்டலம் வட்டாரத்தில் தலைக்குந்தா, காந்தள், சாண்டிநல்லா, அவலாஞ்சி போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி ஆண்டுதோறும் வருவதுதான். கொடைக்கானல் மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பகுதி விவசாயிகளும் இதை நன்கு அறிவார்கள். 2019 ஜனவரியில் மூணாறு பகுதியிலும் தேயிலைத் தோட்டங்கள் பனியில் கருகின. பொதுவாக நவம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை இந்த அபாயம் உண்டு. மார்கழியும் தையும் மிக மோசம்.

உறைபனியைத் தடுத்து நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் அதன் சேதத்தைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்க முடியும். அதற்கான வேலைகளில் பெரும்பகுதி பகலில் செய்ய வேண்டியவை. பெரிய செலவும் இல்லை. நள்ளிரவில் எழுந்து ஓடுவதால் கிடைக்கும் பலன் குறைவே.

பனி எங்கிருந்து வருகிறது?

"பனி விழுகிறது" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது மழையைப் போல மேலிருந்து விழுவதில்லை. பகலில் வெயில் பட்டு மண்ணும் செடியும் கல்லும் சூடாகின்றன. சூரியன் மறைந்தபின் அந்தச் சூட்டை அவை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அது கம்பளி போல இருந்து வெப்பத்தின் ஒரு பங்கைத் திருப்பித் தரும். மேகம் இல்லாத இரவில் சூடு போனது போனதுதான். மலை உச்சியில் காற்றும் லேசானது, அதில் ஈரமும் குறைவு. ஆகவே இழப்பு இன்னும் வேகமாக நடக்கிறது.

இலை மெல்லியது, வானத்தைப் பார்த்து விரிந்து கிடப்பது. அதனால் சுற்றியுள்ள காற்றைவிட இலை சீக்கிரம் குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் முதலில் நீராகப் படிகிறது. இதைத்தான் மலையில் நீர்ப்பனி என்கிறோம். குளிர் சுழியத்துக்குக் கீழே இறங்கினால் வெள்ளைப் பூச்சாக உறைகிறது. அது உறைபனி. காற்று மிகவும் வறண்டிருந்தால் வெள்ளைப் பூச்சே தெரியாமல் செடிக்குள்ளிருக்கும் நீர் மட்டும் உறைந்துவிடுவதும் உண்டு. வெள்ளை இல்லையே, தப்பித்தோம் என்று நினைத்தால் பகலில் தோட்டம் முழுதும் கறுத்துக் கிடக்கும். ஆகவே செடியைக் கொல்வது மேலே தெரியும் வெண்மை அல்ல. இலையின் உள்ளே உறையும் நீர்தான் திசுக்களைக் கிழித்துச் சிதைக்கிறது.

இந்த உண்மையைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். பனித்துளியைப் பற்றி 1814-ல் அவர் எழுதிய நூல் பெயர் பெற்றது. தோட்டக்காரர்கள் இரவில் செடிகளின்மேல் மெல்லிய பாயை விரிப்பதைப் பார்த்து அவர் முன்பு நகைத்தவர். இவ்வளவு மெல்லிய பொருள் குளிரை எப்படித் தடுக்கும் என்பது அவர் எண்ணம். பின்னர் புல்தரையில் நான்கு குச்சிகளை நட்டு, அரை அடி உயரத்தில் ஒரு மெல்லிய கைக்குட்டையைக் கட்டி, அதன் கீழேயும் வெளியேயும் வெப்பத்தை அளந்து பார்த்தார். கைக்குட்டையின் கீழ் இருந்த புல் வெளியில் இருந்த புல்லைவிடக் கதகதப்பாகவே இருந்தது. துணி குளிரைத் தடுக்கவில்லை. புல்லும் மண்ணும் விட்ட வெப்பம் வானத்துக்குப் போகாமல் மறித்தது. விவசாயிகள் இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு முறைக்கும் காரணம் விளங்கிவிடும்.

பள்ளத்தில் தேங்கும் குளிர்

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் நீர் ஓடுவது போலவே அதுவும் மெதுவாக இறங்கி ஓடை ஓரங்களிலும் பள்ளங்களிலும் தேங்கும். அதனால்தான் ஓடையை ஒட்டிய வயலில் பயிர் கருகிக் கிடக்கும்போது, நூறு அடி மேலே சரிவின் நடுவிலுள்ள அதே பயிர் தப்பி நிற்கிறது. பள்ளத்து மண்தான் கறுப்பாகவும் வளமாகவும் இருக்கும், தண்ணீர் வசதியும் அங்கேதான் இருக்கும். எனவே விலை உயர்ந்த பயிரை அங்கே வைக்கவே மனம் சொல்லும். பனிக்காலத்தில் மட்டும் அந்த ஆசையை அடக்க வேண்டும்.

ஒரே ஏக்கர் நிலமானாலும் அதில் பனி பிடிக்கும் மூலையும் பிடிக்காத மூலையும் உண்டு. வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டால் எந்தப் பாத்தி முதலில் வெளுக்கும் என்று சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தில் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு, பீட்ரூட் போன்ற குளிர் தாங்கும் பயிர்களை வைக்கலாம். பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவை பனியைத் தாங்கா. பீன்ஸ் சுழியத்துக்குக் கீழ் ஒரு டிகிரி செல்சியஸிலேயே அடிபடும். உருளைக்கிழங்குத் தழை கீழே 2 டிகிரி போனால் பெரும்பாலும் மடிந்துவிடும். பட்டாணியின் இலை ஓரளவு தாங்கும், ஆனால் அதன் பூவும் இளங்காயும் தாங்கா. பனி மாதங்களில் பூக்கும்படி விதைத்துவிட்டு, இலை நன்றாக இருக்கிறதே, காய் ஏன் பிடிக்கவில்லை என்று குழம்புபவர்கள் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டத்தின் கீழ்ப்புறத்தில் அடர்ந்த வேலியோ, கல்சுவரோ, உயரமாக வளர்ந்த புதரோ இருந்தால் அது அணைக்கட்டு போல நின்று குளிர்காற்றைத் தோட்டத்திலேயே தேக்கிவிடும். கார்த்திகையிலேயே அந்த வேலியின் அடிப்பகுதியைக் கழித்து, இரண்டு மூன்று இடங்களில் வழி விட்டால் குளிர் கீழே வடிந்து போகும். மாறாக, மேல்புறத்தில் உள்ள வேலி அடர்த்தியாக இருப்பது நன்மை. மேலிருந்து இறங்கி வரும் குளிரை அது பக்கவாட்டில் திருப்பிவிடும். காட்டுப்பன்றி, காட்டெருமைத் தொல்லைக்காகக் கீழ்ப்புறத்தை அடைத்தே தீரவேண்டிய இடங்களில் இலை அடர்ந்த வேலிக்குப் பதிலாகக் கம்பிவலை போடுவது நலம்.

மாலையில் கண்டுகொள்ளும் அடையாளங்கள்

பகலில் வெயில் நன்றாக அடித்து, மாலையில் வானம் முழுதும் தெளிந்து, காற்று அடங்கி, இருட்டியதும் கை விறைக்கும் அளவுக்குக் குளிர் சட்டென்று இறங்கினால் அன்றிரவு பனியை எதிர்பார்க்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும் தெளிந்த இரவு குறிப்பாக ஆபத்தானது. மேகமூட்டமோ, விடாத காற்றோ இருந்தால் பயம் குறைவு.

வானொலியிலும் கைபேசியிலும் வரும் குறைந்த வெப்ப அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. வானிலை நிலையத்தில் வெப்பமானி ஆள் மார்பு உயரத்தில், காற்றோட்டமுள்ள கூண்டுக்குள் இருக்கிறது. அங்கே 3 டிகிரி என்றால், திறந்த வெளியில் தரையோடு கிடக்கும் இலையில் சுழியமோ அதற்கும் கீழோ இருக்கலாம். ஆகவே 4 டிகிரி என்று அறிவிப்பு வந்தாலே பள்ளத்து நிலம் உடையவர்கள் தயாராகிவிட வேண்டும்.

சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி, வீட்டுச் சுவரில் மாட்டாமல், தோட்டத்தின் மிகத் தாழ்ந்த பாத்தியில் பயிர் உயரத்தில் ஒரு குச்சியில் கட்டி வைப்பது மிகவும் பயன்படும். விடியும் நேரத்தில்தான் குளிர் உச்சத்தில் இருக்கும். அப்போது பார்த்து ஒரு நோட்டில் எழுதி வரவேண்டும். ஒரு பனிக்காலம் இப்படி எழுதிவிட்டால், வானொலி சொல்லும் அளவுக்கும் உங்கள் பள்ளத்தின் அளவுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு முதல் அந்தக் கணக்கே உங்களுக்கு எச்சரிக்கை செய்யும்.

மண்ணைத் தயார் செய்தல்

இரவில் செடிக்குக் கிடைக்கும் வெப்பம் ஒன்றே ஒன்றுதான். அது பகலில் மண் சேர்த்து வைத்த வெப்பம். அதைக் கூட்டுவதும், இரவில் அது செடிக்கு வந்து சேர வழிவிடுவதும் நம் கையில் இருக்கிறது.

காய்ந்த மண்ணில் துளைகளெல்லாம் காற்று நிறைந்திருப்பதால் வெப்பம் மேல்தோலோடு நின்றுவிடும். ஈரமண் வெப்பத்தைக் கீழே வாங்கி ஓரடி ஆழம் வரை சேர்த்துக்கொள்ளும். இரவில் மெதுவாகத் திருப்பித் தரும். ஆகவே பனி வரும் அடையாளம் தெரிந்தால் அதற்கு முதல் நாளோ அன்று முற்பகலிலோ நீர் பாய்ச்சிவிட வேண்டும். பகல் வெயில் அந்த ஈரமண்ணைச் சூடாக்க அவகாசம் வேண்டும் அல்லவா? சேறாகும் வரை பாய்ச்ச வேண்டியதில்லை, மண் நன்றாக நனைந்தால் போதும். மாலையில் இலை நனையும்படி தெளித்துவிட்டு நிறுத்தக் கூடாது. இலைமேல் உள்ள நீர் ஆவியாகும்போது இலையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

பனி எதிர்பார்க்கும் நாட்களில் களைக்கொத்து போடுவதும், மண்ணைக் கிளறிப் பொலபொலப்பாக்குவதும் கூடாது. கிளறிய மண் காய்ந்த மண்ணைப் போலவே நடந்துகொள்ளும். களை எடுப்பதாக இருந்தால் பத்து நாட்களுக்கு முன்பே எடுத்துவிட்டு, மண் படிந்து இறுக விட்டுவிட வேண்டும். களை இருப்பதும் கெடுதல்தான். தரையைப் போர்த்தும் களை, வெயிலை மண்ணில் பட விடாது.

வைக்கோல், காய்ந்த புல் மூடாக்கைப் பற்றிப் பல விவசாயிகள் தவறாக நினைக்கிறார்கள். குளிருக்கு நாம் கம்பளி போர்த்துவது போல, மண்ணுக்கு மூடாக்குப் போட்டால் செடி பிழைக்கும் என்பது அவர்கள் எண்ணம். வேர் பிழைக்கும் என்பது உண்மை. ஆனால் மூடாக்குக்கு மேலே நிற்கும் இலைக்கு அது எதிரி. பகலில் வெயில் மண்ணுக்குப் போகாமல் தடுப்பதும் அதுவே, இரவில் மண்ணின் வெப்பம் இலைக்கு வராமல் தடுப்பதும் அதுவே.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. ஐஸ் இயந்திரம் வருவதற்கு முன்பு அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி தயாரித்தார்கள். நிலத்தில் சுமார் இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அதில் காய்ந்த கரும்புத் தட்டை, சோளத் தட்டைகளைப் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்சட்டிகளில் நீர் ஊற்றி வைத்தார்கள். தெளிந்த வானமும் அசையாத காற்றும் இருந்த இரவுகளில், சுற்றிலுமுள்ள காற்று உறையும் அளவுக்குக் குளிராதபோதும், விடியலில் சட்டிகளில் பனிக்கட்டி இருந்தது. ராபர்ட் பார்க்கர் என்பவர் இந்த முறையை விவரித்து எழுதிய கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி 1775-ல் வெளியிட்டது. பூமியின் சூடு சட்டிக்கு ஏறாமல் தடுத்தது அந்தத் தட்டைப் படுக்கைதான். பீன்ஸ் பாத்தியில் வைக்கோலைப் பரப்பும்போது நாமும் ஏறக்குறைய அந்த ஐஸ் குழியையே அமைக்கிறோம்.

ஆகவே பனிக்கு அஞ்சும் பயிர்களில் மார்கழி, தை மாதங்களில் மூடாக்கைப் பாத்தியிலிருந்து ஒதுக்கி வரப்பில் குவித்து வைக்க வேண்டும். அபாயம் நீங்கிக் கோடை தொடங்கும்போது மீண்டும் பரப்பலாம். பூண்டு, கேரட் போன்று மண்ணுக்கடியில் விளைபவற்றுக்கு இந்தத் தடை அவ்வளவு முக்கியமில்லை.

மேலே போர்த்தும் முறை

தரையில் போடக்கூடாத வைக்கோலைச் செடிக்கு மேலே கூரையாகப் போட்டால் அது காவலாகிறது. வெல்ஸின் கைக்குட்டை செய்த வேலையை அது செய்யும். நாற்றங்கால், புதிதாக நட்ட தேயிலைக் கன்று, வீட்டுத் தோட்டத்துத் தக்காளி, மலர்ச்செடி போன்று பரப்பு குறைந்தவற்றுக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை.

பாத்தியின் இருபுறமும் குச்சி நட்டு, செடிக்கு மேலே அரை அடி உயரத்தில் மூங்கில் சட்டம் கட்டி, பழைய சாக்கு, சேலை, தென்னங்கீற்று, காட்டுப் பெரணித் தழை, காய்ந்த புல் இவற்றில் எது கிடைக்கிறதோ அதைப் பரப்பலாம். இப்போது கடைகளில் கிடைக்கும் நெய்யாத வெள்ளைத் துணியும் இதற்கு ஏற்றது. இலேசானது, சில ஆண்டுகள் வரும். துணியின் ஓரம் தரை வரை தொங்கி, மண்ணைத் தொட வேண்டும். பலர் செடியின் தலையை மட்டும் சாக்கினால் மூடி, தண்டோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அப்போது மண்ணின் சூடு உள்ளே போக வழியில்லை. செடி தலையில் துணி கட்டிக்கொண்டே உறையும்.

மூடும் நேரமும் முக்கியம். வெயில் சாய்ந்து, மண்ணில் சூடு இருக்கும்போதே, அதாவது மாலை நான்கு ஐந்து மணிக்குள் மூடிவிட வேண்டும். இரவு பத்து மணிக்குக் குளிர் தாங்காமல் எழுந்துபோய் மூடினால் பாதிச் சூடு போய்விட்டிருக்கும். காலையில் வெயில் ஏறிப் பனி கரைந்தபின் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் நாள்கணக்கில் விட்டால் மண்ணில் வெயில் படாது. செடியும் வெளுத்து நோய் பிடிக்கும்.

பாலிதீன் தாளை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெல்லிய பாலிதீன் தாள் காற்றைத் தடுக்கும். ஆனால் மண்ணும் செடியும் விடும் வெப்பத்தில் பெரும்பகுதி அதன் வழியே போய்விடும். இலை தாளைத் தொடும் இடமெல்லாம் கருகும். வேறு வழி இல்லையென்றால் தாள் இலையில் படாமல் உயர்த்திக் கட்டி, அதன்மேல் சாக்கோ துணியோ போடலாம். பசுமைக்குடில் வைத்திருப்பவர்களும் ஒற்றைத் தாள் கூரையை மட்டும் நம்பி அயர்ந்திருக்கக் கூடாது.

உருளைக்கிழங்கு முளைத்து நான்கைந்து அங்குலமே இருக்கும் நிலையில் பனி வருவதாகத் தெரிந்தால், வேறு எதுவும் தேட வேண்டாம். மண்ணையே இழுத்து முளையை மூடிவிடலாம். ஓரிரு நாளில் முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். மண் அணைக்கும் வேலையும் இதிலேயே ஒரு பங்கு முடிந்தது.

தெளிப்பு நீர்: செய்தால் முழுதாகச் செய்க

தெளிப்பு நீர்க் கருவி வைத்திருப்பவர்கள் பலர் பனி இரவில் அதை ஓட்டுகிறார்கள். இது நல்ல முறைதான். ஆனால் அரைகுறையாகச் செய்தால் செய்யாமல் இருப்பதைவிடக் கெடுதல். காரணத்தைப் பார்ப்போம். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். இலைமேல் நீர் தொடர்ந்து விழுந்து தொடர்ந்து உறைந்துகொண்டிருக்கும் வரை இலை சுழியத்தை ஒட்டியே நிற்கும், அதற்குக் கீழே போகாது. பனிக்கட்டி பூசிய செடி உயிரோடு இருப்பது இதனால்தான். தெளிப்பதை நிறுத்தினால் அந்த ஈரம் ஆவியாகத் தொடங்கும். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 600 கலோரியை எடுத்துக்கொண்டு போகும். அதை ஈடுகட்ட ஏழெட்டு கிராம் நீர் உறைய வேண்டும்!

ஆகவே பனி தொடங்குமுன்பே தெளிப்பைத் தொடங்கி, காலையில் வெயில் ஏறிக் கட்டி தானாகக் கரைந்து வடியும் வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். மணிக்கு 3 மில்லிமீட்டர் அளவாவது நீர் விழ வேண்டும். 25 சென்ட் நிலத்துக்கு இது மணிக்கு ஏறக்குறைய 3,000 லிட்டர். இரவு பதினொரு மணி முதல் காலை எட்டு மணி வரை ஓட்டினால் 27,000 லிட்டர் ஆகும். கிணற்றில் அவ்வளவு நீர் இருக்கிறதா, மின்சாரம் நடுவில் நிற்குமா, டீசல் இருப்பு உண்டா என்று மாலையிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருப்பது பத்தாயிரம் லிட்டர்தான் என்றால் நிலம் முழுவதற்கும் பகிர்ந்து தெளித்துப் பாழாக்காமல், மிகவும் மதிப்புள்ள 8 அல்லது 9 சென்ட்டுக்கு மட்டும் விடியும் வரை ஓட்டலாம். அதற்கும் வழியில்லை என்றால் பகலில் மண்ணை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே மேல். பட்டாணி, பீன்ஸ் போன்று பந்தலிலும் குச்சியிலும் ஏறிய கொடிகளில் பனிக்கட்டியின் பாரத்தால் கொடி முறிந்து சாய்வதும் உண்டு. இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

விடியற்காலையில் குடத்திலும் குழாயிலும் நீர் எடுத்துப் பனியைக் கழுவிவிடும் வழக்கமும் இருக்கிறது. பெரும்பாலான பயிர்களில் அதற்குள் சேதம் நடந்து முடிந்துவிட்டிருக்கும். ஆள் கூலி கொடுத்து இதைச் செய்வதைவிட, முதல் நாள் பகலில் அதே கூலிக்கு நீர் பாய்ச்சினால் பலன் அதிகம்.

புகை போடலாமா?

இதைப் பற்றிக் கேட்காத விவசாயி இல்லை. ஈரச் சருகையும் குப்பையையும் எரித்துத் தோட்டம் முழுதும் புகை மூட்டம் போட்டால் அது மேகம் போல நின்று காக்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. மேகத்தில் இருப்பது நீர்த்துளிகள். புகையில் இருப்பவை அவற்றைவிட மிக நுண்ணிய தூசிகள். மண் விடும் வெப்பத்தை அவை அவ்வளவாக மறிப்பதில்லை. கண் எரிவதைப் பார்த்து, ஏதோ பெரிய காவல் நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். மேலும், காலையில் புகை நின்றுவிட்டால் வெயில் செடிக்கு வருவதும் தாமதமாகும்.

நெருப்பின் சூட்டால் கொஞ்சம் பலன் உண்டு. அதற்கும் ஒரே இடத்தில் பெருந்தீ மூட்டக் கூடாது. பெருந்தீ சூடான காற்றை உயரே தள்ளிவிட்டு, சுற்றிலுமிருந்து குளிரை இழுத்துவரும். பல சிறு நெருப்புகள் வேண்டும். இரவெல்லாம் விறகு போட ஆள் வேண்டும். சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் காரியம் அல்ல இது. அதோடு, தை மாதத்தில் மலைப்புல் காய்ந்து கிடக்கிறது. காட்டோரத் தோட்டத்தில் ஒரு பொறி பறந்தால் விளைவு பெரிது. காட்டுத் தீக்குச் சட்டப்படி பதில் சொல்லவும் நேரும். இரவுக் காவல் இருப்பவர்கள் கரி அடுப்பை மூடிய குடிசைக்குள் வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது. மணமில்லாத அந்தக் கரிப்புகை உயிரை வாங்கிவிடும். பயிர் போனால் அடுத்த போகம் உண்டு.

பருவமும் உரமும்

நீர்போக உருளைக்கிழங்கை ஜனவரி, பிப்ரவரியில் நடுகிறோம். நட்டு முளை மண்ணுக்கு மேல் வர ஏறக்குறைய மூன்று நான்கு வாரம் ஆகும். இந்த இடைவெளியை நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். மண்ணுக்குள் இருக்கும் வரை கிழங்குக்குப் பனியால் பயமில்லை. பள்ளத்து நிலக்காரர்கள் முளை பிப்ரவரி நடுவுக்குப் பின் தலைகாட்டும்படி நாளைக் கணக்கிட்டு நட வேண்டும். முதலில் விளைந்தால் நல்ல விலை என்று டிசம்பர் கடைசியில் நடுபவர்கள், சரிவு நிலம் உள்ளவர்களாக இருந்தால் மட்டுமே அந்தச் சூதாட்டத்தில் இறங்கலாம். மலையில் பீன்ஸ் விதைப்புக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே பாதுகாப்பானவை.

கார்த்திகைக்குப் பின் யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை மேலும் மேலும் இட்டால் இளந்தளிர் நிறைய விட்டுக் கொழுத்து நிற்கும். அந்தத் தளிர்தான் முதலில் கருகும். சாம்பல்சத்துக் குறைவில்லாமல் இட்ட பயிர் சற்றுத் தாங்கி நிற்கும். பனி பிடிக்கும் தேயிலைப் பகுதிகளில், மார்கழி, தை மாதங்களில் இளங்கொழுந்து விடும்படியான காலத்தில் கவாத்து செய்வதைத் தவிர்க்க வேண்டும். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களைப் பள்ளப் பகுதிகளில் பனிக்காலத்துக்கு முன் வெட்டித் திறந்துவிடவும் கூடாது. அந்த மரங்களும் இரவில் ஒரு கூரைதான்.

பனி அடித்த மறுநாள்

காலையில் வெள்ளையாக உறைந்திருக்கும் தோட்டத்தில் நடக்கக் கூடாது. செடியைத் தட்டிவிடவும் கூடாது. உறைந்த முட்டைக்கோஸை அப்போதே அறுத்தால் கைபட்ட இடமெல்லாம் அழுகும். வெயிலில் தானாகத் தெளிந்தபின் அறுத்தால் பெரும்பாலும் வெளி இலைகளோடு சேதம் நின்றுவிடும். கேரட்டின் தோள்பகுதி மண்ணுக்கு மேல் தெரிந்தால் மண் அணைத்து மூட வேண்டும்.

கருகிய செடியைப் பார்த்ததும் கத்தியை எடுக்காதீர்கள். மேலே கருகிய இலையும் கிளையும் அடுத்த பனிக்குக் கீழ்க்கிளைகளின் போர்வையாக நிற்கும். உடனே வெட்டினால் இளந்தளிர் கிளம்பும். அடுத்த வாரப் பனி அதையும் கொண்டுபோகும். யூரியாவையும் அப்போது போடக்கூடாது. தேயிலையில் பிப்ரவரி கடைசி வரை பொறுத்திருந்து, எந்த இடத்திலிருந்து புதுத்தளிர் வருகிறது என்று பார்த்தபின், உயிருள்ள மரம் வரை மட்டும் வெட்டுவது சரியான முறை. நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கும் இடம் தெரியும்.

பீன்ஸ் முழுதும் கறுத்துவிட்டால் அது திரும்பாது. பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டு, அந்தப் பாத்தியில் பூண்டோ கேரட்டோ வைக்க யோசிக்கலாம். உருளைக்கிழங்கு இளம்பயிராக இருந்தால் பொறுத்துப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து பத்துப் பதினைந்து நாளில் மறுபடி முளைக்கும். ஆகஸ்டில் நட்ட கடைபோகப் பயிர் டிசம்பரில் தழை கருகினால், கிழங்கு ஓரளவு பருத்திருக்கும். தழை போனதும் பதறி மறுநாளே தோண்டினால் கிழங்கின் தோல் உரிந்து, மூட்டையில் அழுகும். இரண்டு வாரம் மண்ணிலேயே விட்டால் தோல் இறுகும். அந்த இரண்டு வாரமும் கிழங்கு மண்ணுக்கு வெளியே தெரியாதபடி வெடிப்புகளை மூடி வைக்க வேண்டும். வெளியே தெரிந்த கிழங்கு பனி பட்டு நீர்கோத்திருக்கும். அதைப் பிரித்து ஒதுக்காமல் மற்றவற்றோடு குவித்தால் ஒன்று பத்தைக் கெடுக்கும். அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கு எடுப்பதாக இருந்தால் பள்ளத்துப் பாத்தியை விட்டுவிட்டு, சரிவில் பனி படாமல் நின்ற செடிகளின் கிழங்கையே தனியாகத் தோண்டி எடுத்து வைக்க வேண்டும்.